ரிங்குக்குப் பின்னால் என்ன வேலை இருக்கிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ் நாடகக் குழு ஒன்றில் மேடை நிர்வாகியாக இருக்கும் ஒரு தங்கை கேட்கிறார். சிங்கப்பூரில் நடந்த ஒரு சிறிய தொழில்முறை மல்யுத்த நிகழ்ச்சியைத் தோழிகளோடு பார்த்ததிலிருந்து அவருக்கு அதே நினைப்பாக இருக்கிறதாம். சண்டை போடும் ஆசை இல்லை, திரைக்குப் பின்னால் வேலை செய்ய வேண்டும். ஆள் எடுப்பார்களா, என்ன வேலை தருவார்கள், பணம் கிடைக்குமா, பெண்ணுக்குப் பாதுகாப்பான இடமா? கூடவே, "பொய்ச் சண்டைக்குப் பின்னால் உனக்கு என்னம்மா வேலை?" என்று கேட்கும் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

ஆள் எடுப்பார்கள். உங்களைப் போன்றவர் கிடைக்க மாட்டாரா என்று தேடிக்கொண்டும் இருப்பார்கள். பயிற்சிக்கு வருகிற அத்தனை பேருக்கும் ரிங்குக்குள் நிற்கத்தான் ஆசை. திரையோரம் நின்று நேரம் பார்க்கவும் சாமான் கணக்கு வைக்கவும் ஆசைப்பட்டு வருகிறவர் அரிது. நான் ரிங் பூட்டுகிறவனாகத் தொடங்கி, பிறகு நிகழ்ச்சியைத் திரைக்குப் பின்னாலிருந்து நகர்த்துகிறவனாக ஆனவன். அதனால் எனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அப்பாவின் கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் சரி. மற்ற எல்லா வேலைக்கும் காரணம் அதற்கான பதிலில்தான் இருக்கிறது. யார் வெல்வார் என்பது முன்கூட்டியே முடிவானது. அதை மறைக்க இன்று யாரும் பாடுபடுவதில்லை. சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் தீமிதிக்கு முன்பு பாரதக் காட்சிகள் நடக்கின்றன. அரவான் பலியாகப் போகிறான் என்பது தெரியாமலா அங்கே கூட்டம் கூடுகிறது? தெரிந்த முடிவை எப்படி நடத்திக் காட்டுகிறார்கள் என்று பார்க்கத்தான் எல்லாரும் நிற்கிறார்கள். மல்யுத்தத்துக்கு வரும் கூட்டமும் அப்படித்தான் வருகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அரவான் வேடம் கட்டியவரின் கழுத்தில் கத்தி இறங்குவதில்லை. ரிங்கில் முதுகு உண்மையாகவே பலகையில் இறங்குகிறது.

அப்படி விழுவதை 'பம்ப்' என்பார்கள். மோவாயை நெஞ்சோடு ஒட்டிவைத்து, தலை தரையில் படாமல், முதுகின் மேற்பகுதி முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழுந்து, இரு கைகளையும் விரித்துத் தரையில் அறைய வேண்டும். அடி ஓரிடத்தில் சேராமல் பரவும். குறையும், அவ்வளவுதான், இல்லாமல் போய்விடாது. முடிவு எழுதப்பட்டது, விழுவது உண்மை. இந்த இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொண்டு செய்கிற வேலைதான் திரைக்குப் பின்னால் நடப்பது. எந்தப் பலகை எங்கே போக வேண்டும், எந்த ஆட்டம் எத்தனை நிமிடம், யார் மறுபடியும் மேடையேறக் கூடாது என்பதையெல்லாம் அங்கே இருப்பவர்கள்தான் கவனிக்கிறார்கள். விழுகிறவர் எழுந்து வீட்டுக்குப் போவது அவர்கள் கையில் இருக்கிறது. இதை அப்பாவிடம் நேராகவே சொல்லுங்கள்.

இது நேற்று இறக்குமதியான பொழுதுபோக்கு இல்லை என்றும் சொல்லலாம். நியூ வோர்ல்ட், கிரேட் வோர்ல்ட், ஹேப்பி வோர்ல்ட் என்று மூன்று கேளிக்கைப் பூங்காக்கள் இங்கே இருந்த காலத்தில், மல்யுத்தம் பார்க்கக் குடும்பத்தோடு போனார்கள். பின்னால் இந்தியாவெங்கும் பெயர் பெற்ற தாராசிங், 1940களின் இறுதியில் சிங்கப்பூருக்கு வந்து ஓர் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே கிரேட் வோர்ல்டில் மல்யுத்தம் பயின்றவர். அவரோடு பலமுறை மோதிய கிங்காங், ஹங்கேரியில் பிறந்த எமில் சாயா, 1970இல் காலமானதும் இதே ஊரில்தான். அப்பாவுக்கு இல்லாவிட்டாலும் தாத்தாவுக்கு இந்தப் பெயர்கள் நினைவிருக்கும். அதன்பின் நீண்ட இடைவெளி. சிங்கப்பூர் புரோ ரெஸ்லிங் 2012இல் தொடங்கியது. பிறகு கிராப்பிள்மேக்ஸ் போன்ற பயிற்சிக்கூடமும் வந்தது. சிங்கப்பூரின் முதல் தொழில்முறை மல்யுத்த வீராங்கனை என்று அறியப்படும் அலெக்சிஸ் லீ இந்தப் புதிய தலைமுறையைச் சேர்ந்தவர். எல்லைக்கு அப்பால் மலேசியாவில், ஹிஜாப் அணிந்து ரிங்கில் இறங்கிய நோர் டயானா 2019இல் பட்டம் வென்றார். அமெரிக்காவின் பெரிய நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ. 2017லும் 2019லும் காலாங்கில் உள்ள உள்ளரங்கில் நிகழ்ச்சி நடத்தியது. அவர்களிடம் ரிங், ஒளி, ஒலி, மருத்துவம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குழு உண்டு. சிறிய குழுவில் இவை அனைத்தும் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் தலையில் விழும்.

இப்போது ரிங்கைப் பற்றி. உங்கள் முதல் நாள் அநேகமாக இங்கேதான் கழியும்.

நான்கு இரும்புத் தூண்கள், அவற்றை இணைக்கும் வெளிச்சட்டம், குறுக்கே விட்டங்கள், மேலே வரிசையாக மரப்பலகைகள், அதன்மேல் ஏறக்குறைய ஓர் அங்குலக் கனத்தில் நுரை விரிப்பு, அதன்மேல் இழுத்துக் கட்டிய கான்வாஸ். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் மெத்தை என்று நினைப்பது இதைத்தான். பக்கத்துக்கு 16 முதல் 20 அடி வரை இருக்கும். கயிறு என்று நாம் சொல்வது பல ரிங்குகளில் ரப்பர் குழாய்க்குள் செலுத்திய எஃகு வடம். வெளியே டேப் சுற்றியிருப்பார்கள். உண்மையான கயிற்றைப் பயன்படுத்துகிற குழுக்களும் உண்டு. மூலைகளில் கயிற்றை இழுத்துப் பிடிப்பது டர்ன்பக்கிள். அதைத் திருகித் திருகித்தான் இறுக்கத்தைக் கூட்ட வேண்டும்.

பூட்டும்போது அவசரப்படுகிறவர்கள் ஒரு மூலையை முழுவதுமாக இறுக்கிவிட்டு அடுத்த மூலைக்குப் போவார்கள். அப்படிச் செய்தால் சட்டம் ஒரு பக்கமாகச் சாயும், கயிறு ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தொய்யும். எதிரெதிர் மூலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாறி மாறி இறுக்க வேண்டும். பலகைகளைப் பரப்பிய பிறகு, நுரையைப் போடுவதற்கு முன்பு, ஒருவர் பலகைமேல் முழுவதும் நடந்து பார்க்க வேண்டும். எங்கே ஆடுகிறது, எங்கே இரண்டு பலகைக்கு நடுவே விரல் நுழைகிறது என்பது காலுக்கும் காதுக்கும் தெரியும். நுரைத் துண்டுகள் சேரும் இடத்தில் இடைவெளி இருந்தால் அங்கே கால் வைப்பவரின் கணுக்கால் புரளும். கான்வாஸில் ஒரு சுருக்கம் போதும், ஓடி வருகிறவர் தடுக்கி விழுவதற்கு. பிறகு மல்லர்களை ஏற்றிக் கயிற்றில் ஓடவிட்டு, ஒவ்வொரு மூலையிலும் சாய்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர்களில் அதிக எடையுள்ளவரையும், மேல்கயிற்றில் ஏறப் போகிறவரையும் கட்டாயம் பார்க்க வைக்க வேண்டும். கதவு திறந்த பிறகு இதைச் செய்ய முடியாது.

இடைவேளையில் பார்வையாளர்கள் சாப்பிடப் போவார்கள். நீங்கள் போகக் கூடாது. முதல் பாதியில் ஆடியவர்கள் கயிற்றையும் மூலைகளையும் எவ்வளவு தளர்த்திவிட்டார்கள் என்று சரிபார்க்க அதுதான் நேரம். வியர்வையும் சிந்திய தண்ணீரும் கான்வாஸை வழுக்கலாக்கும், துடைக்க வேண்டும். தோலோடு தோல் உரசுகிற ஆட்டம் இது. படர்தாமரையும் சீழ்க்கட்டியும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எளிதாகப் பரவும். கிருமிநாசினி போட்டுத் துடைப்பது பெருமைப்படத் தக்க வேலைதான் என்று நான் நினைக்கிறேன். அதைக் கேவலமாக நினைக்கிற குழுவில் நீண்ட நாள் இருக்க வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் கான்வாஸை நனைந்தபடி சுருட்டிக் கிடங்கில் வைத்துவிட்டால் அடுத்த நிகழ்ச்சிக்குப் பூஞ்சணம் பூத்துக் கிடக்கும். இரவு எவ்வளவு நேரமானாலும் விரித்து உலர்த்த ஓர் ஏற்பாடு வேண்டும்.

சிங்கப்பூருக்கே உரிய தலைவலி மண்டபம். சமூக மன்ற மண்டபமோ சங்கக் கட்டடமோ வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் மண்டபத்தைப் பார்க்கப் போகிறவர் நாற்காலி எத்தனை போடலாம் என்று மட்டும் எண்ணிவிட்டு வந்துவிடுவார். நீங்கள் போனால் அளவு நாடாவோடு போங்கள். தரையிலிருந்து ரிங் தளம் ஒரு மீட்டர் உயரம்; மேல்கயிறு அதற்கும் மேலே ஒரு மீட்டருக்கு அதிகம்; அதன்மேல் ஒருவர் நிமிர்ந்து நின்றால் தலை ஏறக்குறைய நான்கு மீட்டரில் இருக்கும். அவர் குதிக்கவும் வேண்டும். நேர் மேலே மின்விசிறி இருந்தால் ரிங்கை நகர்த்த வேண்டும், அல்லது அன்றைக்கு யாரும் மேல்கயிறு ஏறுவதில்லை என்று முன்பே முடிவெடுக்க வேண்டும். அடுத்து சரக்கு மின்தூக்கி. 18 அடி ரிங்கின் இரும்பு விட்டம் 18 அடிக்கு நெருங்கிய ஒரே துண்டாக இருந்தால் பல மின்தூக்கிகளில் நுழையாது. மாடிப்படி வளைவிலும் திரும்பாது. மரத்தரையுள்ள மண்டபத்தில் தூண் நிற்கும் இடங்களில் தடித்த பலகையோ ரப்பர் விரிப்போ போடாவிட்டால் தரை பள்ளமாகும், வைப்புத்தொகை திரும்பி வராது. லாரி எங்கே நிற்கலாம், எத்தனை மணிக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும், மேலே யாராவது குடியிருக்கிறார்களா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பம்ப்பும் கட்டடத்துக்குள் இடிபோல் இறங்கும்.

இடப்பற்றாக்குறை ரிங்கையே பாதிக்கிறது. இங்கே கிடங்கு வாடகை சிறு குழுவைக் கழுத்தைப் பிடித்து நெரிக்கும் செலவு. நிகழ்ச்சியில் எத்தனை டிக்கெட் விற்றது என்று கேட்கிறவர்கள், நிகழ்ச்சி இல்லாத மாதங்களில் அந்த இரும்பு எங்கே படுத்துக்கிடக்கிறது என்று கேட்பதில்லை. ஒரு குழு எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்பதை அறிய வேண்டுமானால் நான் முதலில் அதைத்தான் கேட்பேன்.

இனி உங்கள் திறமைக்கே உரிய இடம். திரைக்கு உடனே பின்னால் ஒரு மேசை இருக்கும். கொரில்லா மான்சூன் என்ற பெயரில் ஆடிய ராபர்ட் மரெல்லா அமெரிக்காவில் எப்போதும் அந்த இடத்தில் நிற்பாராம். அதனால் உலகம் முழுவதும் அந்த இடத்துக்கே 'கொரில்லா' என்று பெயர் நிலைத்துவிட்டது. இசைக்காரருக்குச் சைகை, ஒளிக்குச் சைகை, அறிவிப்பாளருக்குக் குறிப்பு, அடுத்து வருபவரைத் தயாராக நிறுத்துவது, நடுவருக்கு நேரம் சொல்வது எல்லாம் அங்கிருந்துதான். நாடகத்தில் நீங்கள் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு செய்வதைத்தான் இங்கே பிரதி இல்லாமல் செய்ய வேண்டும். ஆட்டத்தின் தொடக்கமும் முடிவும் நடுவில் சில முக்கியக் கட்டங்களும் பேசி வைத்திருப்பார்கள். மீதியைக் கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டபடி ரிங்குக்குள்ளேயே முடிவு செய்கிறார்கள். அதனால் எட்டு நிமிடம் என்று எழுதியது பதினொன்று ஆகும், கூட்டம் அமர்க்களமாக இருந்தால் பதின்மூன்றும் ஆகும்.

நேர அட்டவணை போடும்போது எல்லாரும் தவறவிடுவது வருகையும் வெளியேறுவதும். ஆட்டத்துக்கு மட்டும் நேரம் ஒதுக்கி, மல்லர் பாட்டோடு நடந்து வந்து கூட்டத்தைச் சுற்றிக் கை தட்டி ரிங் ஏறுவதற்கும், தோற்றவர் நொண்டிக்கொண்டே உள்ளே போவதற்கும் ஒதுக்க மாட்டார்கள். ஏழு ஆட்டம் உள்ள நிகழ்ச்சியில் இது மட்டுமே அரை மணி நேரத்தைத் தின்னும். பிறகு கடைசி ஆட்டத்தின் நேரம் வெட்டுப்படும். மண்டபத்தைக் குறித்த மணிக்குள் ஒப்படைக்க வேண்டும், ரிங்கைக் கழற்றவும் வேண்டும் அல்லவா? அவசரத்தில் ஆடுகிற முக்கிய ஆட்டம் ஆபத்தானது. மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் வாங்காமல் அடுத்த வித்தைக்குப் போவார்கள். எனவே முதல் ஆட்டத்திலேயே கண்டிப்பாக இருங்கள். இரண்டு நிமிடம் கூடினால் உடனே நடுவரிடம் சொல்லுங்கள்.

நடுவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுபவர் மட்டும் அல்லர். ரிங்குக்குள் நிற்கிற உங்கள் ஆள் அவர். காதில் மாட்டிய கேட்பானோ, அல்லது திரையோரத்திலிருந்து கைச்சைகையோ, ஏதோ ஒரு வழியில் நீங்கள் சொல்வதை அவர் இருவருக்கும் கிசுகிசுப்பார். 'கோ ஹோம்' என்றால் முடிவுக்குப் போங்கள் என்று பொருள். ஒருவர் விழுந்து கிடக்கும்போது நடுவர் குனிந்து கையைப் பிடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் கை திரும்ப அழுத்தினால் நலம். அழுத்தாவிட்டால் நடுவர் தன் தலைக்குமேல் இரு கைகளையும் குறுக்காகத் தூக்குவார்: உண்மையிலேயே அடிபட்டிருக்கிறது, ஆட்டத்தை நிறுத்துங்கள். இந்தச் சைகையைக் கதைக்காகப் போலியாகப் பயன்படுத்துகிற வழக்கம் சில இடங்களில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. மருத்துவ வசதி குறைந்த சிறிய குழுவில் அந்தச் சைகைக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும். நீங்கள் சேருகிற குழுவில் இதை வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். விருப்பமிருந்தால் பின்னாளில் நடுவர் பயிற்சியும் எடுக்கலாம். அதற்கு விழக் கற்றுக்கொள்ள வேண்டும். நடுவரும் அடிக்கடி இடிபடுவார்.

திரைக்குள் திரும்பி வருகிற ஒவ்வொருவரின் முகத்தையும் பாருங்கள். கூட்டத்தின் ஆரவாரத்தில் உடம்புக்கு வலி தெரியாது. உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரியும். வெறித்த பார்வை, ஒரே கேள்வியை மறுபடி மறுபடி கேட்பது, தள்ளாட்டம், வாந்தி, வெளிச்சம் கண்ணைக் கூசுவது ஆகியவை மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள். இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம், யாரோடு ஆடினாய், யார் வென்றது என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் அன்று அவருக்கு இன்னொரு ஆட்டம் இல்லை. அவர் கெஞ்சினாலும் இல்லை, நிகழ்ச்சி பாழானாலும் இல்லை. அவரைத் தனியே வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். நினைவு தப்பினாலோ, கழுத்து வலித்தாலோ, கை கால் மரத்தாலோ யாரும் அவரைத் தூக்கி உட்கார வைக்காமல் பார்த்துக்கொண்டு 995ஐ அழையுங்கள். முதலுதவிச் சான்றிதழ் வாங்கிவிட்டு இந்த வேலைக்கு வருவது நல்லது. மண்டபத்தில் இதய அதிர்வூட்டும் கருவி எங்கே மாட்டியிருக்கிறது என்பதை நுழைந்ததும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் வரவழைக்கிற வித்தைகளை அனுமதிக்கிற குழுவை விட்டு விலகியிருங்கள் என்பது என் உறுதியான கருத்து. மஞ்சள் காமாலைக் கிருமி போன்றவை ரத்தத்தால் பரவுபவை; இத்தனை சிறிய அறையில் இத்தனை பேர் மாறி மாறிப் புரளும் கான்வாஸில் அதற்கு இடமே இல்லை.

கதை எழுதுகிறவரைப் 'புக்கர்' என்பார்கள். யார் நல்லவர், யார் வில்லன், பட்டம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று மாதக்கணக்கில் திட்டமிடுவது அவர். இந்த ஊரில் அவருடைய முதல் எதிரி நாட்காட்டிதான். ஆண் மல்லர்களில் பலர் இங்கே ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவையில் இருப்பார்கள், அல்லது முடித்துவிட்டு முகாம் பயிற்சிக்கு அழைக்கப்படுவார்கள். பட்டம் வைத்திருப்பவர் சரியாக நிகழ்ச்சி வாரத்தில் முகாமில் இருப்பார். இன்னொருவருக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரித் தேர்வு. மற்றொருவருக்கு இரவு நேரப் பணி. இந்தத் தேதிகளையெல்லாம் ஒரே பட்டியலில் சேர்த்துப் புக்கர் கையில் கொடுக்கிறவர் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். மேடை நிர்வாகிக்கு இது கைவந்த கலை.

நம் பிள்ளை ஒருவர் மல்லராக வந்தால் அவருக்கு என்ன வேடம் கொடுக்கிறார்கள் என்பதிலும் கவனம் வையுங்கள். வெளிநாட்டவரையும் வேறு நிறத்தவரையும் வில்லனாகவோ கேலிப்பொருளாகவோ ஆக்குவது மல்யுத்தத்தின் பழைய வழக்கம். தலைப்பாகையும் மகுடியும் கொடுத்து இந்தியர் என்று அறிவிக்கிற யோசனை எங்கிருந்தாவது முளைக்கும். அங்கே ஒரு தமிழர் இருந்து, இது வேண்டாம், இவர் பிறந்து வளர்ந்தது ஈசூனில், கதையை அங்கிருந்து எடுங்கள் என்று சொன்னால் கேட்பார்கள். பெரும்பாலும் தெரியாமல் செய்கிறவர்கள்தான். அறிவிப்பாளருக்குத் தமிழ்ப் பெயரை உச்சரிக்கச் சொல்லிக்கொடுப்பதும் உங்கள் வேலையாகிவிடும். மகிழ்ச்சியோடு செய்யுங்கள். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் நம் சிறுவனுக்கு, அந்தப் பெயர் சரியாக ஒலிப்பது பெரிய விஷயம்.

அந்த மல்லர் தமிழ்ப் படப்பாட்டோடு வரவேண்டும் என்று கேட்பார். மண்டபத்தில் பாட்டை ஒலிபரப்ப இசைப் படைப்பாளர் சங்கமான காம்பஸிடம் அனுமதி பெறுவது ஒன்று. அதே நிகழ்ச்சியைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவது முற்றிலும் வேறு. யூடியூப் அந்தப் பாட்டைக் கண்டுபிடித்து ஒலியை அடைக்கும், அல்லது காணொளியின் வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பிவிடும். பதிவில் மல்லரின் வருகை ஊமையாகிவிடும். உறுமி மேளம் அடிக்கிற இளைஞர்கள் இங்கே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, புதிதாக ஒரு நிமிடம் அடித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். கேட்கவும் அருமையாக இருக்கும், வழக்கும் வராது.

உரிம விவகாரம் பெரும்பாலும் ஏற்பாட்டாளர் தலையில் இருக்கும், ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டிக்கெட் விற்று நடத்தும் நிகழ்ச்சிக்கு என்ன உரிமம் தேவை என்பதை மண்டபம் பதிவு செய்யும் நாளிலேயே பார்த்துவிட வேண்டும். வெளிநாட்டு மல்லரை அழைத்தால், அவர் விசா இல்லாமல் நாட்டுக்குள் வரலாம் என்பது வேறு, பணத்துக்கோ பணம் இல்லாமலோ மேடையேறலாம் என்பது வேறு. மனிதவள அமைச்சின் விதியைப் படிக்காமல் சுவரொட்டி அச்சடிக்கக் கூடாது.

பணம். இதில் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். சிங்கப்பூரில் சிறிய மல்யுத்தத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிற பின்னணிப் பணியாளரை நான் பார்த்ததில்லை. மல்லர்களுக்கே பகலில் வேறு வேலை இருக்கிறது. தொடக்கத்தில் சாப்பாடும் போக்குவரத்துச் செலவும் கிடைக்கலாம். பொறுப்பு கூடினால் நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை தரலாம். எதுவானாலும் முன்பே எழுத்தில் கேளுங்கள். பணத்தைப் பற்றிக் கேட்டால் ஆர்வம் இல்லை என்று ஆகிவிடாது. இன்னொன்று இதைவிட முக்கியம். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் ஊழியர்களுக்கானது. தொண்டூழியராக வருகிறவரின் காலில் இரும்பு விட்டம் விழுந்தால் அந்தச் சட்டம் கைகொடுக்காது. குழு உங்களுக்கு விபத்துக் காப்புறுதி எடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் சொந்தக் காப்புறுதியில் எந்தெந்த விளையாட்டுகளுக்கு விலக்கு என்பதைப் படியுங்கள். பாதுகாப்புக் காலணியும் கையுறையும் இல்லாமல் ரிங் பக்கம் போகாதீர்கள்.

பெண்ணுக்குப் பாதுகாப்பா என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. குழுவுக்குக் குழு வேறுபடும். 2020 ஜூனில் பல நாடுகளின் மல்யுத்த உலகில் பெண்கள் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். பயிற்றுநர்களும் ஏற்பாட்டாளர்களும் தங்கள் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திய கதைகள் அடுத்தடுத்து வந்தன. சில நிறுவனங்கள் கலைந்தே போயின. அது இந்தத் துறைக்குத் தேவையான வெளிச்சம். அதற்குப் பிறகும் பெண்களுக்குத் தனி உடைமாற்று அறை இல்லை, புகார் சொல்ல ஆள் இல்லை என்கிற குழு இருந்தால் அது தெரிந்தே செய்கிற அலட்சியம். நடத்தை விதி எழுத்தில் இருக்கிறதா? ஏற்பாட்டாளரைப் பற்றியே புகார் என்றால் யாரிடம் சொல்வது? பயிற்சிக்கு வருகிற 18 வயதுக்குக் குறைந்தவர்களோடு யார் இருக்கிறார்கள்? ரிங்கைக் கழற்றி முடிக்கும்போது நள்ளிரவாகிவிடும், ரயில் இருக்காது. வீட்டுக்கு எப்படிப் போவது? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவர்களோடு வேலை செய்யுங்கள். சுளித்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அந்த நிகழ்ச்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

சேருவது எப்படி என்றால், குழுவின் பொது முகவரிக்குச் சிறிய மடல் ஒன்று எழுதுங்கள். மல்யுத்தம் எவ்வளவு பிடிக்கும் என்று இரண்டு பக்கம் எழுத வேண்டாம். அது அவர்களுக்கு எல்லா நாளும் வருகிறது. எந்தெந்த வார இறுதிகளில் வரமுடியும், இதுவரை என்னென்ன நாடகத்தில் என்ன பொறுப்பு, முதலுதவிச் சான்றிதழ் உண்டா, ரிங் பூட்டும் நேரத்துக்கே வரத் தயாரா என்பதை மட்டும் எழுதி, நீங்கள் தயாரித்த பழைய மேடைக் குறிப்பு அட்டவணை ஒன்றை இணையுங்கள். பத்து ஆண்டு ரசிகர் என்று சொல்வதைவிட அந்த ஒரு தாள் அதிகம் பேசும். அழைப்பு வந்ததும் முதல் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளுக்கு எந்தப் பதவியும் கேட்காமல் பலகை தூக்குங்கள், டேப் சுற்றுங்கள், மல்லர்களின் உண்மைப் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள், உடைமாற்று அறையில் கைப்பேசியை வெளியே எடுக்காதீர்கள். யார் யாரோடு சண்டை, யார் வெல்லப்போகிறார் என்பதைத் தோழிகளிடமும் சொல்லாதீர்கள். அதன்பின் திரையோர மேசையில் உட்காரக் கேளுங்கள். அநேகமாக அதற்குள் அவர்களே உங்கள் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்திருப்பார்கள்.